ஒழுங்கான வினை

மூதூர் பஸ்ஸில் ஜன்னல் சீற் கிடைத்தால்
கிண்ணியாப் பாலம் வரும்வரைக்கும் ஒரு வினைச்சொல்.
இன்றைக்கு 'அபித்தே'. வசித்தல்.
எழுத்தில் முன்னால் ஒரு எச் நிற்கிறது,
காவலுக்கு விட்ட ஆள்போல.
வாய் திறப்பதில்லை.

ஜாபித், நான் வசிக்கிறேன்.
தூ அபித், நீ வசிக்கிறாய்.
எல் அபித், அவள்.
வாலில் என்னென்னவோ எழுதச் சொல்கிறார்கள்,
காதுக்கு எல்லாம் ஒரே அபித்.
எங்கள் ஏனும் ஆயும் ஆளும்
யார் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.
இவர்களுக்கு ஆள் யாரென்று முதலே சொல்லவேண்டும்,
சாவடியில் ஐசியை நீட்டிவிட்டுப்
பிறகு பேசத் தொடங்கிய மாதிரி.

பக்கத்து சீற் நுஸ்ரியா கொப்பியை எட்டிப் பார்த்தாள்.
"ஒழுங்கான வினையெண்டா?"
விகுதிதான் மாறும், பகுதி அசையாது என்றேன்.
"இருந்த இடத்திலயே இருக்குமா?
குடுத்துவெச்ச சொல்லு."

'நூஸ் அபிதோன்' எழுதும்போது பேனை நின்றுவிட்டது.
நாமா, நாங்களா?
அந்த வித்தியாசம் அங்கே இல்லையாம்.
லா குர்நேவில் நாலு பேரோடு ஓர் அறையில் படுக்கிற நீங்கள்
அந்த நூஸுக்குள் இருக்கிறீர்களா,
இல்லை, நானும் அம்மாவும் ஏழு கோழிகளும் மட்டுமா?
விசாப் பத்திரம் நிரப்புகிறவர்
"எதையாவது எழுதுங்கோ தங்கச்சி" என்கிறார்.

கலியாணம் முடிந்து இருபத்திரண்டாம் நாள் போனீர்கள்.
உங்களை நான் நீ என்றதே இல்லை.
நேற்றுப் போனில், பாடம்தானே என்று,
"தூ அபித் ஊ?" என்று கேட்டுவிட்டேன்.
நீ எங்கே இருக்கிறாய்.
அந்தப் பக்கம் கோப்பை கழுவுகிற தண்ணீர் நின்றது.
கனநேரம் சத்தமில்லை.
"இன்னொருக்காச் சொல்லு" என்றீர்கள்.

இறந்தகாலத்தில் இரண்டு இருக்கிறது.
முடிந்துபோனது ஒன்று,
முடிவு சொல்லாமல் நடந்துகொண்டிருந்தது மற்றது.
சம்பூரில் வசித்ததற்கு எது,
கிளிவெட்டி முகாமில் வசித்ததற்கு எது?
அந்தப் பயிற்சியை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்தேன்.

திருமலையில் இறங்கினால்
பஸ் ஸ்ராண்ட் மதிலோரம்
கொம்பன் மான் ஒன்று வடைக் கடதாசி மென்றபடி.
"இல் அபித் இசி."
சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்.
மான் நிமிர்ந்தது,
எண்ணெய் ஊறிய பாதித் தாள் வாய்க்கு வெளியே.