ஆயில் தட்டைக் கழற்றும்போது

மைனஸ் முப்பத்தெட்டு.
சாஸ்கட்டூனில் இன்று மூச்சுக்கும் எடை இருக்கிறது.
லிஃப்ட்டில் ஏற்றிய காரின் அடிவயிற்றில்
நெடுஞ்சாலைப் பனி இளகி
என் காலருக்குள் சொட்டுகிறது,
உப்போடு.

கம்பெனிக் கடிதத்தில் மூன்றே வரி.
ஆயில் தட்டைக் கழற்று.
உலோகத் துகள் கிடந்தால் எஞ்சினை மாற்று.
இல்லையேல் மூடி அனுப்பு.

கார்க்காரி ஆர்டித் வீப்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஆறிய காப்பியோடு நிற்கிறாள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.
டேவிட்சன், கிரெய்க், கெனாஸ்டன் என்று
ஊர் ஊராய் நிறுத்தி
யார் யாருடைய ரத்தத்தையோ நீலப் பெட்டியில் வாங்கி
நகரத்து ஆய்வகத்தில் இறக்குபவள்.

காலையில் கேட்டாள்:
"எங்க டிராக்டருக்கு ஆயுசு முழுக்க ஒரே அழுத்தம்.
இதுக்கு மட்டும் ஏன் மாறணும், நெஸ்டர்?"

முஷ்டியை மூடித் திறந்து காட்டினேன்.
பதினாலு பங்கு காற்றை ஒரு பங்கு இடத்தில் நெருக்கினால்
ஒரு லிட்டர் வெகுதூரம் போகும்.
ஆனால் டர்போ மேலும் மேலும் திணிக்கும் நேரத்தில்
அந்த நெருக்கம் ஆகாது.
தீ வந்து சேருமுன்பே
மூலையில் கிடக்கும் கலவை தானாய் வெடிக்கும்;
உள்ளே யாரோ பூட்டிக்கொண்டு
சுத்தியால் தட்டுவதுபோல் கேட்கும்.
அதனால் தானிய லாரியை முந்தும்போது
எட்டுக்கு இறங்கிவிடுகிறது.
முந்தி முடித்ததும்
யாரும் சொல்லாமல் பதினாலுக்கு ஏறுகிறது.
கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் இடையில் கூடுதலாய் ஓர் இணைப்பு,
அதைச் சாய்க்க ஒரு மோட்டார்.
பிஸ்டன் சில மில்லிமீட்டர் கீழேயே
திரும்பிக்கொள்ளும்.
அவ்வளவுதான் வித்தை.

"சில மில்லிமீட்டர்" என்று
தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.
"லைலுக்கு இதைப் பொருத்த முடியுமா?"

சிரித்தோம்.
ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று:
இறுகினால் களி, இளகினால் கூழ் என்று
இரண்டுக்கும் ஒரே பானை வைத்தவர்களுக்கு
மூட்டுகள் அதிகம் தேவைப்பட்டன.
மூட்டு எத்தனையோ, தேய்மானம் அத்தனை.
என் இடது முழங்கால்
எந்தக் கடிதமும் வருமுன்பே
எனக்கு அறிவித்த விஷயம் அது.

கடைசி போல்ட் கழன்றது.
தட்டு கனத்து வந்தது.
வெதுவெதுப்பான கறுப்பு,
டார்ச் ஒளியை வாங்கித் திருப்பித் தராத கறுப்பு.
வெள்ளைத் துணியை விரித்து
கஞ்சியில் கல் தேடுவதுபோல் வடித்தேன்.

இல்லை.
இல்லை.
இல்லை.

பிறகு, ஓரத்தில், ஒன்று.

நகம் வெட்டிய துணுக்கைவிடச் சின்னது.
காந்தத்துக்கு அசையவில்லை.
செம்பு நிறம். விரலிடுக்கில் மெதுவாக வளைந்தது.
பேரிங்கின் தோல் அப்படித்தான் உரியும்.

ஒரு துகள் துகளா?
கடிதத்தில் எண்ணிக்கை இல்லை.
மூடினால் இன்று இரவே அவள் சாலையில் இருப்பாள்.
எழுதினால் புது எஞ்சின் வர ஐந்து வாரம்;
மாற்றுக் கார் கேட்டு
எனக்கு முன்னால் பதினொரு பேர்.

துணியோடு போய்க் காட்டினேன்.
குனிந்து பார்த்தாள்,
தினமும் பிறர் முடிவுகளைச் சுமப்பவள்
தன்னுடையதைப் பார்ப்பதுபோல்.

"கிரெய்க் தாண்டினா நாற்பது நிமிஷம்
ஒரு விளக்கும் இருக்காது" என்றாள்.
"நீ ஓட்டுவியா?"

"மாட்டேன்."

அப்போதுதான் அந்தக் காப்பியைக் குடித்தாள்,
ஒரே மடக்கில், முகம் சுளித்து.

மூன்று மணிக்கு லைல் வந்தான்,
பழைய டீசல் பிக்கப்பில்.
ராத்திரி முழுக்க பிளக்கில் செருகி வைத்தால்தான்
கிளம்பும் வண்டி,
சரிவோ ஏற்றமோ எதற்கும் இறங்காத ஒரே எண்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
நீலப் பெட்டியை அவன் நடுவில் வைத்தான்.
அவள் அதற்கு சீட் பெல்ட் போட்டாள்.

திரும்பி வந்தேன்.
லிஃப்ட்டில் தொங்கும் எஞ்சின்
கடைசியாய் எந்த எண்ணில் நின்றதோ
அதிலேயே நிற்கிறது.
பார்க்கலாம்; கணினியைச் செருகினால் தெரியும்.
செருகவில்லை.
காலருக்குள் இன்னும் சொட்டுகிறது.