ஆறு பக்கம்

பாலம் கடந்து வேன் வந்தபோது மணி ஆறரை.
குழித்துறையில் மழை விட்டிருந்தது,
மரங்கள் விடவில்லை.
என்னைக் கூப்பிட்டது சுமப்பதற்கு.

"வீடு அவங்க ஸ்டைலைச் சொல்லணும்" என்றார்
சென்னையிலிருந்து வந்த படக்காரர்.
பொங்கல் மலரில் ஆறு பக்கமாம்.
சொல்ல விடாமல் குறுக்கே நிற்கிற எல்லாவற்றையும்
பின்பக்கக் குளியலறையில் அடுக்கச் சொன்னார்.

சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி நான்கு,
ஒன்றின் கால் ஒடிந்து கட்டுக்கம்பி சுற்றியது.
மிக்சி.
கைப்பிடிக்குத் துணி கட்டிய குக்கர் மூடி.
முட்டுவலித் தைலம்.
பால் வராத நாள்களுக்கெல்லாம் பெருக்கல் குறி போட்ட
சர்ச் காலண்டர்.
மீன் வாங்கும் நீல வாளி.
வாளியைத் தூக்கும்போது
பெல்சியக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
சொல்லவில்லை.

ஊருக்கு அவள் பெல்சி.
ராத்திரி எட்டரைக்கு எல்லா வீட்டுக்கும் ராஜமாதங்கி,
மூன்று மருமகள்களை மாறி மாறி அழவைக்கிறவள்.
மார்த்தாண்டம் சந்தையில் ஒருத்தி
"அந்தப் பிள்ளைய எதுக்கு இப்பிடிப் போட்டுப் படுத்துக?"
என்று சண்டைக்கு வந்துவிட்டு
அயிலையில் நாலு கூடுதலாகப் போட்டாளாம்.

அறுபது பட்டுச்சேலையும் வேனில்தான் வந்தன,
எண் தைத்த துண்டுத் துணியோடு.
அவற்றுக்கு இடம்விட
அலமாரியில் இருந்ததை நான் அள்ளினேன்:
ஒன்பது நைட்டி.
ஒன்பதிலும் இடப்பக்கம் ஒரு பை,
ஒவ்வொன்றும் வேறு பூ, வேறு நிறம்.
செத்த நைட்டியின் பையைப் பிரித்து
அடுத்ததில் தைத்துக்கொள்வாள் போல.
ஒரு பையில்
ரப்பர் ஷீட் விற்ற ரசீதும்
பாதி தின்ற கடலைமிட்டாயும் கிடந்தன.
மிட்டாயை அப்படியே வைத்தேன்.

"இனி ஒர்க் ஸ்பேஸ்" என்றார்கள்.
நாகர்கோவிலிலிருந்து வாடகை மேசை.
பித்தளை விளக்கு. முதுகு நிறம் பார்த்து
அடுக்கிய புத்தகம்,
எந்த மொழி என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.
வலது கையில் பேனா கொடுத்தார்கள்.
வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வேலை செய்கிற இடம்
எனக்குத் தெரியும்.
வாரம் இரண்டு தடவை ஷீட் எடுக்கப் போகிறவன் நான்.
வீட்டுக்குப் பின்னால் புகைப்புரை.
கம்பிகளில் வரிசையாய்த் தொங்கும் ரப்பர் ஷீட்டுகள்,
பாதி வெள்ளை, பாதி தேன் நிறம்.
அந்த நாற்றத்துக்குள் நின்று
வசனத்தாளைத் துணிக்கிளிப்பால் ஒரு ஷீட்டில் மாட்டி
"என் வாசப்படிய இன்னொரு தடவ மிதிச்சே..." என்று
விரல் நீட்டுவாள்.
சத்தம் வெளியே போகாது.
ஒருநாள் தெரியாமல் உள்ளே நுழைந்து
அந்த விரலுக்கு நேரே நின்றுவிட்டேன்.
உண்மையாகவே இரண்டு எட்டு
பின்னால் போனேன்.
"நீ இல்ல மக்கா" என்று சிரித்தாள்.

சாயங்காலம் வேன் போனது, கரண்டும் போனது.
குளியலறையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துவந்தேன்.
"அங்கன வேண்டாம். கொஞ்சம் இங்கோட்டு.
கம்பி கெட்டின கால் செவருக்குப் போட்டும்."
இருட்டில் அவளுக்கு
எதையும் தடவ வேண்டியிருக்கவில்லை.
வாளியை மட்டும் என் கையிலிருந்து வாங்கி
அவளே வைத்தாள்.

மேசையை எடுக்க மறுநாள் பத்து மணிக்குத்தான்
ஆள் வந்தான்.
அதற்குள் அதன்மேல்
மரச்சீனி நறுக்கியாகிவிட்டது.
தேக்குப் பலகையில் பத்திருபது கோடு,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து,
வலக்கைக்காரர் யாருக்கும் விழாத சாய்வு.
அவன் குனிந்து பார்த்தான்,
தடவினான்,
"ஐந்நூறு ஆகும்" என்றான்.

"முந்நூறு" என்று
இடப்பக்கப் பைக்குள்
கை விட்டாள்.