எழுபது பாகை

இந்தக் கடலைக் கடக்க எனக்கு
ஒரு மணித்தியாலமும் ஒரு மாலு பணிசும் போதுமாயிருந்தது.
என் பட்டம் இன்னும் வந்து சேரவில்லை,
நான்கரை வருடம் சென்னை வெக்கையில்
எலும்பெலும்பாய்ப் படித்தது.

பொரளை பஸ்ஸில் கோவையை மடியில் வைத்திருப்பேன்,
கைக்குழந்தை போல என்று எழுத மாட்டேன்;
குழந்தைக்கு இத்தனை நகல் கேட்பதில்லை.
பாடவிதான மணித்தியாலங்கள், பக்கம் பக்கமாய்.
கல்லூரி நேராக அனுப்ப வேண்டிய, அரக்கு வைத்த உறை.
கல்லூரிக்கு இப்போது வேறு பெயர், வேறு வாசல்,
தொலைபேசி எடுப்பதில்லை.
பிறகு, என் பெயர்.
மண்டபம் முகாமில் பிறப்பைப் பதிந்தவர்
கடைசி எழுத்தை 'ஐ' என்று போட்டார்.
இங்கே குடியுரிமை தந்தவர் 'வை' என்று போட்டார்.
யசோமதியும் யசோமதியும் ஒருத்திதான் என்று
புதுக்கடையில் ஒரு சமாதான நீதவான்
சத்தியக்கடதாசி முடித்துத் தந்தார், ஐந்நூறு ரூபாய்.
தமிழில் ஒரே எழுத்துத்தானே ஐயா, என்றேன்.
தமிழில் யார் கேட்டது, என்றார்.

அதுவரை வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்கில்
உதவியாளர். ஏப்ரனில் அப்படித்தான் தைத்திருக்கிறது.
சுடுநீர்ப் பொதி வைக்கலாம். துவாய் மடிக்கலாம்.
ஜுனைதீன் நானாவின் புது முழங்கால்
எந்தப் பாகையில் பயப்படும் என்று தெரியும்,
தெரிந்ததாகக் காட்டக் கூடாது.
"டொக்டர்" என்று அவர் கூப்பிட்டால்
"டொக்டர் உள்ளே" என்கிறேன்.
உள்ளேயிருப்பவருக்கு இருபத்துமூன்று வயது. நல்ல பிள்ளை.
கதவோரம் வந்து, குரலைத் தாழ்த்தி,
"அக்கா, இதுக்கு என்ன செய்வம்?" என்று கேட்கும்.

மூன்றாம் சாளரத்தில் கருணாதிலக.
இது ஆறாவது தடவை.
என் கோவை இரும்பு அலுமாரியின் மேல் தட்டில்.
அவர் வலக்கையைத் தூக்கினார்.
தோள் முதலில் காதருகே ஏறியது,
இடுப்பு ஒருபக்கம் சாய்ந்தது,
கை எழுபது பாகையில் நின்றுவிட்டது,
ரயில் கடவையில் மறிபட்ட முச்சக்கரவண்டி மாதிரி.
இடக்கை உதவிக்கு வந்தது. அதற்கும் எட்டவில்லை.
பியோன் இன்றைக்கு லீவு, என்றார்.
ஹெட்ட என்ன, நங்கி.
நாளைக்கு வரட்டாம்.

கண்ணாடிக்குக் கீழே என் கைகள்
தாமாகவே ஒரு தோள்மூட்டின் அளவுக்கு விரிந்தன.
உறைந்த தோள். ஆறு மாதமிருக்கும்.
இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்கேலாது.
சேட்டுப் போட மனைவி வேண்டும்.
பஸ்ஸில் மேல்கம்பி பிடிக்காமல் கதவோரம் நிற்பார்.
சர்க்கரை உண்டா என்று கேட்க வேண்டும்.

பதிவு கிடைக்கும்வரை எவரையும் தொடக் கூடாது
என்று எனக்கு வந்த கடிதத்தில்
கையெழுத்து அவருடையது.

கோவையை எடுக்கப் பதிவு தேவையில்லையே.
பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.
கையைத் தூக்கினேன். நூற்றெண்பது.
தூசி தட்டி மேசையில் வைத்தேன்.
அவர் ஏசவில்லை. தோளைத் தடவியபடி
ஒரு கேள்வியை வாய்வரை கொண்டுவந்து நிறுத்தினார்.

அவர் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை.
வெளியே வந்து அறிவித்தல் பலகையருகே
சுவரைப் பார்த்து நின்றேன்.
இரண்டு விரல்களால், பல்லியைப் போல,
சுவரேறத் தொடங்கினேன்:
வலிக்கும் இடத்தில் நின்று,
மூச்சு விட்டு,
இன்னுமொரு விரற்கடை.
ஏதோ சுற்றறிக்கை வாசிக்கிறாள் என்று
வரிசையில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.
கண்ணாடிக்கு அப்பால்
ஒரு பேனை எழுதுவதை நிறுத்தியிருந்தது.

ஏழு கிழமை கழித்துப் போனேன்.
உறை வந்துவிட்டதாம். அரக்கு உடைந்திருக்கிறதாம்.
கல்லூரிக்கு மறுபடி எழுத வேண்டுமாம்.
சொல்லிக்கொண்டே அவர் திரும்பினார்.
நாற்காலிக்குப் பின்னால், வெள்ளைச் சுவரில்
பென்சில் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாய்,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடியெழுத்தில் திகதி.
கடைசிக் கோடு அவர் நெற்றியளவில்.

நூற்றைந்து, என்று கண்ணால் அளந்தேன்.
எங்கேயும் குறிக்கவில்லை.
குறித்துக் கையெழுத்திட
எனக்கு இன்னும் அதிகாரமில்லை.