கறளின் இரண்டாவது அல்பம்

வெள்ளி இரவு பன்னிரண்டுக்கு வந்தது.
ஞாயிறு பின்னேரம் பண்ணைக் கரையில்
ஐந்து பேர், மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு ஸ்பீக்கர்,
எண்ணெய் ஊறிய பேப்பரில் நாலு மிதிவெடி.
ஐந்தாவது ஆள் நான்.
பசிக்கவில்லை என்று முதலே சொல்லியிருந்தேன்.

முதல் பாட்டு முடியமுன்னமே
துவாரகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்:
"கழுவித் துடைச்சுப் போட்டாங்கள் மச்சான்.
கறள் எண்டு பேரை வைச்சுக்கொண்டு
புதுச் சில்வர் பானை மாதிரி மினுங்கினால்?"

ஜெனிற்றா விடவில்லை.
கோயில் பாடகர் குழாமில் ஏழு வருசம் நின்றவள்.
"இப்பதானடா சொல்லே கேக்குது.
பழைய அல்பத்தில அவன் பாடினது
கடலோ கடனோ எண்டு
ரெண்டு வருசமா மண்டையைப் போட்டு உடைக்கிறன்."
"கடன்" என்றான் கபிலாஷ்.
"விசரே உனக்கு, கடல்!"
அதிலேயே நின்றோம் அரை மணித்தியாலம்.
இரண்டாம் மூன்றாம் பாட்டுகள்
கேட்பாரில்லாமல் களப்பைத் தாண்டிப் போயின.

பிறகு டிரம்ஸ்.
பழையவன் பாரிசுக்குப் போய்விட்டான்.
இப்போது அடிப்பவன் கொழும்பு, கடிகாரம் மாதிரி.
பழையவன் அவசரப்பட்டு முன்னால் ஓடுவான்,
கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி
மற்ற மூன்று பேரும் பின்னால் ஓடுவார்கள்.
"அந்த ஓட்டம் எங்க?" என்று துவாரகன் கேட்டான்.
"பிழைக்கு ஏனடா மாலை போடுறாய்?" என்றாள் ஜெனிற்றா.

"அதை விடு. அந்த இரைச்சல் எங்க?"

பழைய அல்பம் முழுக்கப் பாட்டுக்குக் கீழே
பாய் விரித்ததுபோலக் கிடக்கும் ஒரு இரைச்சல்.
பேஸ் கிற்றாரை ஒரு மாதிரிச் சுருதி கூட்டினது என்பான் துவாரகன்.
ஜெனரேற்றர் என்பான் கபிலாஷ்.
ஊரின்ர மூச்சு எண்டு ஆரோ சொன்னவை என்றாள் மயூரதி,
மிதிவெடியை ஊதி ஊதித் தின்றுகொண்டு.

எனக்குத் தெரியும் அது என்னவென்று.
குருநகர் ஐஸ் கொம்பனி, இரண்டாம் நம்பர் கொம்பிரசர்.
சுவருக்கு அந்தப் பக்கம் வலைக் கொட்டிலில்
அவர்கள் இரவிரவாய் ரெக்கோட் பண்ணினார்கள்.
இந்தப் பக்கம் நான் எண்ணெய் விட்டேன்.
ஒருநாள் வந்து கேட்டார்கள்,
அரை மணித்தியாலம் நிப்பாட்டச் சொல்லி.
ஐஸ் உருகும், ஏலாது என்றேன்.
தூசணத்தால் பேசிப்போட்டுப் போனார்கள்.
நாற்பது எண்ண ஒருதரம் அது
கால் தடக்கினதுபோல இடறும்.
இடறிப்போட்டுத் திரும்ப ஓடும்.

எட்டாவது பாட்டு.
ஒரு சத்தமும் இல்லாத இடத்தில்
அந்த இரைச்சல் எழும்பி வந்தது.
துவாரகன் என் தோளில் அடித்தான். "கேட்டியே! கேட்டியே!"
நான் எண்ணினேன்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது,
நாற்பத்தொன்று.
ஐம்பது.
கீபோர்ட்டில் செய்தது.

"நீ ஒண்டும் கதைக்கேல்லை" என்றாள் ஜெனிற்றா,
தன் மிதிவெடியில் பாதியை நீட்டி.
"நல்லம்" என்றேன். "ஆனா இடறேல்லை."
"என்ன இடறேல்லை?"

சொன்னேன். கனக்கச் சொல்லவில்லை.
நாற்பதை மட்டும் சொன்னேன்.
துவாரகன் பழைய அல்பத்தைப் போட்டு
ஸ்பீக்கரில் காதை வைத்தான்.
இருபதில் ஊர்காவற்றுறை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.
திரும்ப முதலில் இருந்து.
நாலு பேரும் வாய்க்குள் எண்ணினார்கள்.
நாற்பதில் கபிலாஷ் "அட!" என்றான்.
துவாரகன் நிமிரவில்லை.
ஜெனிற்றா மட்டும் சிரித்தாள்:
"அப்ப நீ மெஷினுக்கோ இவ்வளவு நாளும் ரசிகன்?"

ஏழு மணிக்கு எனக்கு வேலை. வெளிக்கிட்டேன்.
முதுகுக்குப் பின்னால்
மெஷினை விட்டுத் திரும்பவும் கடல், கடன்.

ஒன்றை நான் சொல்லவில்லை.
போன மாதம் இரண்டாம் நம்பருக்குப் பெயரிங் மாற்றினோம்.
இப்போது அதுவும் இடறுவதில்லை.
ஐஸ் முந்தியைவிடக் கெதியாய் இறுகுது.