சான்றாவணம் பதினொன்று

வழக்கில் நான் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை.
சான்றாவணம் பதினொன்று:
சிமேனாவோடு வசிப்பவன்,
லித்தியம், காலையில் ஒன்று, இரவில் இரண்டு.

எரிபெர்தோவின் வக்கீல் ஒரு புகைப்படம் நீட்டினார்.
மஞ்சள் பூசிய சமையலறைச் சுவர்.
மாத்திரையை நான் நிறுத்தியிருந்த வசந்தம் அது.
இரவு மூன்று மணிக்கு
ரயேனை எழுப்பித் தூரிகை கொடுத்தேன்.
சிரித்துச் சிரித்துப் பூசினாள்.
பிறகு நான் அழத் தொடங்கியதும்
மேசைக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள்.
இரண்டும் நடந்தது.
கோப்பில் இரண்டாவதுதான் ஏறியது.

இப்போது சனிக்கிழமைகளில்
அவள் வருமுன் நான் வெளியேற வேண்டும், உத்தரவு.
அடுப்பில் விறகு அடுக்கிவிட்டு
வால்டிவியாவின் விடாத மழையில்
மீன் சந்தைக்குப் போகிறேன்.
எறியப்படும் குடலுக்குக் கடல்சிங்கங்கள் கத்துகின்றன.
அவற்றிடம் யாரும் மருந்துச்சீட்டு கேட்பதில்லை.

ஆறு மணிக்குத் திரும்புகிறேன்.
அவள் போய்விட்டாள், தகப்பன் காரில்.
மேசைக்கடியில் ஒரு தலையணை.
யார் போட்டதென்று சிமேனாவிடம் கேட்கவில்லை,
அவள் முதுகைக் காட்டியபடி பாத்திரம் கழுவுகிறாள்.

முழங்கால் வலிக்கக் குனிந்து
நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன்.
வக்கீல் சொன்னாரென்று
சுவருக்கு வெள்ளை அடித்திருந்தோம்.
இங்கே, மேசை மறைத்த ஒரு முழத்துக்கு மட்டும்
தூரிகை எட்டவில்லை.