வெறுநிறை

சீனன்குடா மாவாலையின் நிறுவைப் பாலத்தில்
லொறி நின்றது.
உள்ளே வந்தபோது வெறுநிறை எழுதியாயிற்று.
வெளியே போகும் நிறையை எழுதக் குனிந்தேன்.
முதுகில் யாரோ
கடப்பாரையை இறக்கினார்கள்.

வாயுவாயிருக்கும் என்று கந்தோர்ப் பெடியன்
இஞ்சிச் சோடா வாங்கி வந்தான்.
அதில் ஒரு மிடறு குடித்ததுதான்
அந்த உடம்போடு நான் செய்த கடைசி வேலை.

மிச்சமெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரியும்.
தௌபீக்கின் ஆட்டோ ஹோர்னை நிறுத்தவேயில்லை.
பெரியாஸ்பத்திரியில்
அந்தக் கிழமை மட்டும் பதில் கடமைக்கு வந்த டொக்டர்,
வயிற்றுக்குள் பெருநாடி வெடித்திருக்கிறது,
கண்டிக்கு அனுப்பினால் கந்தளாய் தாண்டாது
என்று சொல்லிவிட்டுக்
கை கழுவப் போனார்.

எங்கள் பேச்சில் கை கழுவுவதென்றால் வேறு.
சௌந்தரநாயகி
அந்தச் சீமெந்துத் தரையிலேயே இருந்து
தலையில் அடித்துக்கொண்டாளாம்.
தாதி வந்து விளக்கவேண்டியதாயிற்று:
அம்மா, அவர் வெட்டப் போகிறார்.

பதினேழு பை இரத்தம்.
கடற்படை முகாமிலிருந்து வரிசையாய் வந்து
கையை நீட்டி, பிஸ்கட் தின்று, திரும்பிப் போனார்கள்.
முன்னொரு காலம்
வீதித்தடையில் என்னை வெயிலில் நிறுத்தியவன்
அதில் ஒருவனாய் இருந்திருக்கலாம்.
அதை நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

மச்சான் நவரத்தினராசா நடைமுறை தெரிந்தவர்.
இரண்டாம் இரவே கல்யாண அல்பத்தில் என் முகத்தைத் தேடி எடுத்து
மத்திய வீதி ஸ்டூடியோவில்
பன்னிரண்டுக்குப் பதினெட்டாய்ப் பெருப்பிக்கக் கொடுத்துவிட்டார்.
அட்வான்சும் கட்டியாயிற்று.
நான் கண் திறந்த காலையில்
அவர் கொஞ்சம் வெட்கத்தோடு நின்றார்.

நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை
தண்டவாளம்.
உள்ளே ஒரு சாண் பொலியஸ்டர் குழாய்.
இடது காலில் இரண்டு விரல் திரும்பி வரவில்லை.
இருமினால் தலையணையை அணைக்கவேண்டும்,
சிரித்தாலும்தான்.
முதல் வருசம் நாள் எண்ணினேன்.
பிறகு மாதம்.
பிறகு எண்ணியதை மறந்து
மறந்ததற்காகப் பயந்தேன்.

கிளினிக் வாங்கில் கிண்ணியா அபூசாலி.
அதே வீக்கம், அதே குழாய்,
ஆனால் வெடிக்குமுன்னே கண்டுபிடித்து
நாள் குறித்து வெட்டியது.
"நான் வாசலால வந்தனான், நீங்க கூரையப் பிச்சிக்கொண்டு"
என்று தொடையில் தட்டுவார்.
நாலாம் வருசம் வாங்கில் அவர் இடத்தில்
ஒரு குடை இருந்தது.
இதயமாம். நித்திரையிலாம்.

அடுத்த வருசம் ஸ்கானைப் பார்த்த இளம் டொக்டர் பிள்ளை
கோவையை இரண்டு தரம் புரட்டினாள்.
"இதை இங்கயா செய்தவை?"
கையெழுத்து காக்கைக்காலாய்க் கிடந்தது,
பெயர் எழும்பவில்லை.
"இனி நீங்கள் உங்கட வயசு ஆக்களைப் போலத்தான் ஐயா."
அப்படியென்றால்?
"அவையள் எதால சாவினமோ, அதாலதான்..."
சொல்லி முடித்து நாக்கைக் கடித்தாள்.

நான் வெளியே வந்து
அரைக் கிலோ மஸ்கட் வாங்கினேன்.
டச்சுக் குடாக் கரையில் குந்தியிருந்து
எல்லாரையும் போல ஒரு சாவு எனக்கும் உண்டென்று
எண்ணெய் வடிய வடிய
பாதியைத் தின்று முடித்தேன்.

இது பதின்மூன்றாம் வருசம்.
பெருப்பித்த படம் அலுமாரிக்குப் பின்னால்,
முகம் சுவரைப் பார்த்தபடி.
அதில் இருப்பவனுக்கு முப்பத்திரண்டு வயது.
எடுத்து மாட்டவும் முடியாது,
எறியவும் சௌந்தரநாயகி விடமாட்டாள்.
காசு கட்டியதல்லவா.

நேற்று இரவு முதுகு பிடித்தது.
பகலில் காஸ் சிலிண்டரைத் தூக்கியதை
அவளுக்குச் சொல்லவில்லை.
வாயு, என்றேன்.
அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லக்கூடாது.
லைற்றைப் போடாமல்
என் வயிற்றில் உள்ளங்கையை வைத்துத்
துடிப்பை எண்ணத் தொடங்கினாள்.

நூற்றிப்பத்து மட்டும் கேட்டது.
பிறகு அவளுடைய குறட்டை.
கை மட்டும் அங்கேயே கிடந்தது,
நல்ல பாரமாய்.