பதினொரு நொடி

இருநூற்று மூன்றாம் பாகத்தில்
தாரகன் ஒன்றும் பேசவில்லை.
பதினொரு நொடி. மூச்சு மட்டும்.
அதற்காகத்தான் இந்த ஞாயிறு
தாராவி தொண்ணூறடி சாலையில்
மழைக்குத் தார்ப்பாய் கட்டிய கடையில்
மூன்றாவது கட்டிங் சாயும் ஆறிக்கொண்டிருந்தது.

கண்ணுக்கும் கைக்கும் வேலை இருப்பவர்கள் நாங்கள்.
காது மட்டும் சும்மா கிடந்தது.
ஒன்பது வருடமாக அதில்
ஒரு விண்கலம் ஓடுகிறது.

இசக்கிராஜ் பை தைக்கிறான்.
ஒரு பாகத்துக்கு ஏழு ஜிப் என்று கணக்கு.
மைதீன் பிச்சை டாக்ஸி ஓட்டுகிறார்;
பின்சீட்டில் ஆள் ஏறினால்
கலத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டு
பாந்த்ரா வரை போய் வருவார்.
ஜெபக்கனி சயான் ஆஸ்பத்திரியில் நைட் நர்ஸ்,
விடிந்து வீடு திரும்பும் இருபது நிமிடம் அவளுடையது.
நான் உடைந்த பிளாஸ்டிக்கை நிறம் பிரிக்கிறவன்.
நீலத்தோடு நீலம் போடும்போது
சனிக்கோளைத் தாண்டியிருக்கிறேன்.

தாரகன், கலத்தின் காற்றுக் கணக்கன்.
பன்னிரண்டாம் பாகத்தில்
மூன்றாம் தளத்துக்குப் போகும் காற்றை நிறுத்தினான்.
"அடை" என்று ஒரே சொல்.
நாற்பத்தொரு பேர்.
அன்று இசக்கிராஜ் விரலில் ஊசி ஏற்றிக்கொண்டான்.
இப்போது அதே தளத்தின் கதவு முன்னால்
தாரகன் வந்து நிற்கிறான்.

"மாறிட்டாம்லே," என்றான் இசக்கிராஜ்,
"அழுகைய முழுங்குதான். எனக்குக் கேட்டுச்சு."
எழுதுகிறவனுக்கு மறந்திருக்கும் என்றேன்.
எண்பதாம் பாகத்தில் இவனுக்கு ஒரு தங்கை,
நூற்றுப்பத்தில் அவளே அக்கா.
அதையும் வளர்ச்சி என்பாயா?
"நல்லாத்தான வளந்திருக்கா," என்றார் மைதீன் பிச்சை.
அவருக்கு அந்தப் பதினொரு நொடி கிடைக்கவில்லை,
சரியாக அங்கேதான் ப்ளூடூத் செத்தது.
அபிப்பிராயம் மட்டும் சாகவில்லை:
"அடைச்சவன் எறங்கி வந்து நின்னா ஆச்சா?
மீட்டர் ஓடிட்டுல்ல இருக்கு."

ஜெபக்கனி குடையை மடக்கவே இல்லை.
"அது அழுகை இல்ல," என்றாள்.
"மூச்சு உள்ள போறது நல்லாருக்கு.
வெளிய வரும்போது விசில் அடிக்கு.
பேசுறவருக்கு நெஞ்சுல என்னமோ இருக்கு.
ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லணும்."

தார்ப்பாயில் தேங்கியிருந்த மழை
ஒரு வாளி அளவு சரிந்து விழுந்தது.
யாரும் நகரவில்லை.

தாரகனுக்கு நெஞ்சு என்று ஒன்று உண்டு,
அது சென்னையிலோ செம்பூரிலோ
ஏதோ மாடிப்படி ஏறி இளைக்கும் என்று
ஒன்பது வருடத்தில் ஒருநாளும் தோன்றவில்லை.
"அப்ப, அவன் மாறலியா?"
கூலிப் பாக்கி கேட்பவன்போல் கேட்டான் இசக்கிராஜ்.
"வயசாயிருக்கு."
"அது மாறுறதுல சேராதா?"
அவள் சில்லறையை எண்ணி மேசையில் வைத்தாள்.

அன்று இரவு, எட்டுப் பேர் படுக்கும் அறையில்
இயர்ஃபோனை அழுத்திப் பிடித்து
பன்னிரண்டாம் பாகத்தை மறுபடி போட்டேன்.
முதல்முறை கேட்டபோது
பக்கத்தில் நொறுக்குமிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
இப்போது கேட்கிறது.
"அடை"க்கு முன்னால்,
விசில் இல்லாத இளம் நெஞ்சிலிருந்து
அரை மூச்சு
தொண்டை வரை வந்து திரும்பிப் போகிறது.

பதிவில் ஏற்பட்ட பிசகாகவும் இருக்கலாம்.
நாலு தடவை கேட்டேன்.
நாற்பத்தொரு பேருக்கு
அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் இசக்கிராஜின் கட்சி தோற்கும்,
ஜெயித்துவிட்டதாகத்தான் குதிப்பான்.
மைதீன் பிச்சை புது இயர்ஃபோன் வாங்கிவிட்டார்.

ஜெபக்கனி ஒரு கார்டு எழுதியிருக்கிறாள்:
நெஞ்சு நோய்ப் பிரிவு, காலை ஒன்பது மணி,
பழைய சீட்டு இருந்தால் கொண்டுவரவும்.
நடிகரின் பெயரை நாங்கள் யாரும் கவனித்ததில்லை.
பெறுநர் என்ற இடத்தில்
தாரகன், மூன்றாம் தளம்
என்று எழுதி, அடித்து,
மறுபடியும் அதையே எழுதியிருக்கிறாள்.